உடல், உணவு, உள்ளம்



ஆண்டுதோறும் யூன் மாதம் 21ஆம் நாள் உலக யோக தினமாகக் கொண்டாடப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2015 முதல் இந்நாள் நடைபெற்று வருகின்றது. அன்று நகரங்கள் தோறும் திறந்த வெளிகளில் மக்கள் கூடிப் பாய் விரித்து ஆசனம் பயில்கின்றனர். மறுநாட் பத்திரிகைகளில் அவர்களுடைய படங்கள் வெளிவருகின்றன. அப்படங்களைப் பார்ப்போர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. உடம்பை வில்லாக வளைக்கப் பழகிய ஒருவர் அப்பழக்கத்தினாலேயே முன்னையினும் நல்லவராகி விடுகின்றாரா? மூச்சை அடக்கக் கற்றவர் சினத்தையும் அடக்கக் கற்றுவிட்டாரா? தூய உணவை உண்பவருடைய சொல்லும் தூய்மையாகிவிட்டதா?

இவ்வினா வீண் வினாவன்று. யோகம், மனவிழிப்பு, தூய உணவு என்னும் மூன்றும் இன்று உலகெங்கும் விலை மதிப்புள்ள பொருள்களாகிவிட்டன. அவற்றைக் கற்பிப்போரும் விற்போரும் பெருகியுள்ளனர். ஆகவே அவற்றினாற் பெறத்தக்க உண்மையான வளர்ச்சி யாது, அதனை எதனைக் கொண்டு அளப்பது என்று ஆராய்வது பயனுடையது.

முதலில் யோகத்தை எடுத்துக்கொள்வோம். யோக நெறியைத் தொகுத்துச் சூத்திரங்களாக யாத்தவர் பதஞ்சலி முனிவர். அவர் நூலிலுள்ள சூத்திரங்கள் 190க்கு மேற்பட்டவை. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்றேயாம். ஆசனம் என்பது அசையாது, இடரின்றி இருக்கும் இருக்கை என்பதே அவருடைய கருத்து. மேலும், அவர் வகுத்த எட்டு உறுப்புகளின் வரிசையைக் கவனித்தல் வேண்டும். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பது அவ்வரிசை. ஆசனம் மூன்றாவது இடத்திலேயே நிற்கின்றது. அதற்கு முன் நிற்கும் இயமம் என்பது பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை, பொய்யாமை, களவாமை, புலனடக்கம், பிறர் பொருளை வேண்டாமை என்னும் ஐந்தும் அடங்கியது. நியமம் என்பது தூய்மை, உள்ளதைக் கொண்டு மனம் நிறைதல், தவம், கற்றல், இறைவழிபாடு என்பவற்றைக் கூறுவது. தமிழிலே திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் இவ்வெட்டு உறுப்புகளையும் விரித்துரைத்துள்ளார்.

இவ்வரிசையில் ஒரு பொருள் உண்டு. அயலவரோடு பழகும் முறையைச் செப்பம் செய்த பின்னரே ஒருவர் பாயை விரிக்க வேண்டும் என்று முன்னோர் கருதினர் போலும். வேலியோரத்தில் அயல்வீட்டாரோடு வழக்காடிவிட்டு, அந்த வாய் மூடுமுன் பதுமாசனத்தில் அமர்வதால் முழங்காலுக்கு நன்மை உண்டாகலாம்; உள்ளத்திற்கு அதனால் ஆவது சிறிதே.

எனினும் ஆசனப் பயிற்சியைக் குறைவாக மதித்தலும் தவறு. உடம்பின் வழியாக உள்ளம் வளர்ந்தமைக்குச் சான்றாக ஒரு பெரியாரின் வாழ்க்கையைக் கூறலாம். கர்நாடகத்திலுள்ள பெல்லூர் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு டிசெம்பரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இன்புளுவென்சாக் காய்ச்சல் உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட காலம் அது. தாயும் அந்நோயுற்றிருந்த வேளையிலேயே அக்குழந்தை பிறந்தது. பின்னர் மலேரியா, நெருப்புக் காய்ச்சல், காசம் ஆகிய நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிறுவனை வாட்டின. இளமையிலேயே தந்தையையும் இழந்தான். 1934ஆம் ஆண்டில், மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகம் கற்பித்துவந்த கிருஷ்ணமாச்சாரியார் அவனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அவர் அச்சிறுவனின் தமக்கையை மணந்தவர். ஆயினும் நலிந்து விறைத்திருந்த அவ்வுடம்பைக் கண்டு, இவனுக்கு யோகம் வராது என்றே அவர் முதலில் எண்ணினாராம். அச்சிறுவனே பிற்காலத்தில் உலகறிந்த பீ. கே. எஸ். ஐயங்கார். 1937இல் பூனா நகருக்கு ஆசிரியராகச் சென்ற அவர், அங்கே பல ஆண்டுகள் வறுமையோடு போராடி, தம் உடம்பையே பாடநூலாக வைத்துப் பயின்றார். 1952இல் பிடில் மேதை யெகூதி மெனுயின் அவரைச் சந்தித்து அவரிடம் பயிலத் தொடங்கிய பின்னரே மேல்நாடுகள் அவரை அறிந்தன. 200 ஆசனங்களை விளக்கும் அவருடைய ஆங்கில நூல் 1966இல் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டு தமது 95ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் தலைகீழாக நின்றார் என்பதும் முதுமையிலும் உடம்பை வளைத்தார் என்பதும் வியப்புக்குரியனவே. ஆனால் அவற்றினும் பெரியது வேறொன்று. வளையாத முதுகினரும், நோயாளரும், முதியோரும் தம்மாலியன்ற அளவு ஆசனம் செய்யும்பொருட்டு, மரக்கட்டை, வார், கயிறு, நாற்காலி ஆகியவற்றைத் துணைக்கருவிகளாகக் கொண்டு கற்பிக்கும் முறையை அவர் வகுத்தார். விறைத்த உடம்பின் துன்பத்தை அறிந்தவர் ஆதலால், பிறர் உடம்பின் துன்பத்திற்கு அவரால் வழி காண முடிந்தது. தமது நலிவிலிருந்து பிறர்க்கு ஓர் ஊன்றுகோலைச் செய்து கொடுத்தலே வளர்ச்சி எனத் தக்கது.

இனி, மூச்சையும் மனத்தையும் நோக்குவோம். உடம்பில் நிகழும் தொழில்களுள் பல மனிதனுடைய கட்டளைக்கு அடங்காதவை. இருதயத்தை நில் என்றால் நில்லாது. இரைப்பையை விரைந்து வேலை செய் என்றாற் செய்யாது. கை கால்களோ கட்டளைக்கு அடங்குவன. மூச்சோ இவ்விரு வகையிலும் சேர்ந்தது. உறக்கத்திலும் அது தானே நடைபெறும். விழிப்பில் வேண்டும்போது அதனை நீட்டவும் குறுக்கவும் இயலும். சினம் வந்தால் மூச்சு விரைகின்றது; அச்சத்தில் அது தடுமாறுகின்றது. அதனை மறுதலையாகவும் நடத்தலாம். வெளிமூச்சை மெல்ல நீட்டிவிடுவோர்க்குத் துடிக்கும் நெஞ்சு சற்றே தணிகின்றது. மனத்தை நேரே பிடிக்க இயலாதவன் மூச்சைப் பற்றிக்கொண்டு அதனை அணுகலாம் என்பது பழைய யோகியரின் கண்டுபிடிப்பு.

மனவிழிப்பு என்று இன்று வழங்கும் பயிற்சியும் மூச்சிலிருந்தே தொடங்குகின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை அது என்று பலர் எண்ணுகின்றனர். அது கடந்துவந்த பாதையில் இலங்கைக்குச் சிறப்பான இடம் உண்டு என்பதைச் சிலரே அறிவர். புத்தர் பெருமான் அருளிய சதிபட்டான சூத்திரத்திலே, நடக்கும்போது நடப்பதையும், நிற்கும்போது நிற்பதையும், உண்ணும்போதும் பருகும்போதும் அவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது. வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த மறைகள் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. இருபதாம் நூற்றாண்டில், ஜேர்மனியிற் பிறந்து இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபோனிக தேரர், கண்டியிலுள்ள காட்டுத் தவப்பள்ளியில் வாழ்ந்து, அச்சூத்திரத்தை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1954இல் கொழும்பிலே முதன்முதல் வெளிவந்த அந்நூல் மேல்நாட்டார் பலருக்கு இப்பயிற்சியை அறிமுகம் செய்தது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாற்-சின் என்பவர், நாட்பட்ட நோவினால் வருந்துவோர்க்குப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட இடுப்பு நோவுக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்கத்தக்க முறைகளுள் யோகத்தையும் இப்பயிற்சியையும் சேர்த்துள்ளது.

இப்பயிற்சியின் பயனைக் காண்பதற்கு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியதில்லை. வீட்டு வாசலே போதும். மாலையில் நெரிசல் மிக்க பஸ் வண்டியில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்த தந்தை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் படியேறும்போதே, பிள்ளை கணிதத்தில் முப்பது புள்ளி எடுத்த செய்தி காதில் விழுகின்றது. நெற்றி சுடுகின்றது, கை எழுகின்றது. கை எழுவதற்கும் விழுவதற்கும் இடையே ஒரு சிறு பொழுது உண்டு. பயிலாதவருக்கு அது புலப்படுவதேயில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் அமர்ந்து, அலையும் மனத்தைக் கடிந்துகொள்ளாமல் மூச்சிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பழகியவருக்கு அது புலப்படும். “சினம் வந்துவிட்டது, களைப்பும் பசியும் சேர்ந்து வந்த சினம் இது, பிள்ளையால் வந்ததன்று” என்று அவர் அறிவார். கை தாழ்ந்துவிடும். முகம் கழுவி, தேநீர் அருந்தி, அதன் பின் பிள்ளையை அருகில் இருத்தி, எந்தக் கணக்கு விளங்கவில்லை என்று கேட்பார். அடிபட்ட பிள்ளை அடுத்த முறை புள்ளித்தாளை ஒளிக்கக் கற்றுக்கொள்கின்றது. கேட்கப்பட்ட பிள்ளையோ விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லக் கற்றுக்கொள்கின்றது. அப்பத்து நிமிடப் பயிற்சியின் பெறுபேறு அந்தப் பிள்ளையின் முகத்திலே காணப்படும்.

அடுத்தது உணவு. தூய உணவு என்ற சொல்லைக் கேட்டவுடன் வெண்மையான உணவையே பலர் எண்ணுவர். வெண்மை வேறு, தூய்மை வேறு என்பதை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. ஆலைகளில் நன்கு தீட்டிய வெள்ளை அரிசி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய நாடுகளிற் பெருகியபோது, பெரிபெரி என்னும் நோயும் பெருகியது. கால்கள் மரத்து, இருதயம் தளர்ந்து மக்கள் மாண்டனர். யாவாத் தீவிலே அந்நோயை ஆராய்ந்த ஒல்லாந்த மருத்துவர் எயிக்மன், தீட்டிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தவுடன் அவை தேறுவதையும் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

மலாயாவிலே தமிழரைப் பற்றிய செய்தி ஒன்றும் அக்காலத்தில் மருத்துவருடைய கவனத்தைக் கவர்ந்தது. அங்கே வெள்ளைப் பச்சையரிசி உண்ட தொழிலாளரிடையே பெரிபெரி மிகுந்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாயிருந்தது. 1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெச்சர் இதனைச் சோதித்தார். ஒரு பகுதியாருக்கு வெள்ளையரிசியும், மற்றப் பகுதியாருக்குப் புழுங்கலரிசியும் கொடுக்கப்பட்டன. வெள்ளையரிசி உண்டோரிடையே நோய் பரவிப் பலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோர் ஏறக்குறைய முற்றாகத் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கிவிடுகின்றது. உயிர்ச்சத்து என்ற சொல் பிறப்பதற்கு முன்னரே, நெல்லவித்து முற்றத்துப் பாயிற் காயவிட்ட தாய்மார் அதனைக் காத்துத் தந்தனர்.

ஆகவே தூய உணவைத் தேடி விலையுயர்ந்த கடைகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. புழுங்கலரிசியும், தவிடு நீங்காத சிவப்பரிசியும், குரக்கனும் இந்நாட்டுச் சந்தையிலே கிடைப்பன. நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியிலோ அது மிகமிகச் சொற்பம். வேலியில் முருங்கையும், கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் பணம் கேளாமல் வளர்கின்றன. குறைக்க வேண்டியவற்றைப் பற்றியும் ஐயமில்லை. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது தேக்கரண்டி ஒன்றுக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கருவாடு, ஊறுகாய், பக்கெற்றிலடைத்த நொறுக்குத் தீனி ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கிலே சேரும். தேநீரிற் கலக்கும் சீனியும் அவ்வாறே எண்ணத்தக்கது. மெல்லக் குறைத்துவரின், சில வாரங்களில் நாக்கு அதற்கு இசைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தூய்மை என்ற சொல் இந்நாட்டில் நெடுங்காலம் உணவை அளக்காமல் உண்பவரை அளந்தது. தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையும் தூய்மையின் பெயராலேயே நடைபெற்றது. கடையும் கோயிலும் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதற்காக 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. தமது தட்டிலுள்ள கீரையைக் கண்டு பெருமிதங்கொண்டு, அடுத்தவர் தட்டிலுள்ள மீனையோ பாணையோ இகழ்ச்சியாக நோக்குபவர், அந்தப் பழைய தூய்மைக்குப் புதிய ஆடை உடுத்துகின்றார். தோட்டத்தில் வேலை செய்பவரும் கடலிற் போய் வருபவரும் உண்ணும் உணவு அவரவர் உழைப்புக்கும் வருவாய்க்கும் ஏற்ப அமைவது. பந்தியிலே பக்கத்தில் இருப்பவரை மனங்குன்றச் செய்யும் உணவு, எத்துணைச் சத்துடையதாயினும் தூய உணவாகாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இது உயிரைப் பற்றியது. மூச்சுப் பயிற்சி தொடங்கியவுடன் நீரிழிவு மருந்தையும் இரத்த அழுத்த மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். பெற்றோர் சிலர், இன்சுலின் ஊசியின்றி வாழ முடியாத பிள்ளைக்குப் பத்தியமும் தியானமும் போதும் என்று நம்ப வைக்கப்படுகின்றனர். 1922ஆம் ஆண்டு கனடாவில் இன்சுலின் முதன்முதல் நோயாளிக்கு ஏற்றப்படும் வரையில், அவ்வகை நீரிழிவு கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழவில்லை. அவ்வூசியை இன்று நிறுத்துவது அப்பிள்ளையை அக்காலத்திற்குத் திருப்பி அனுப்புவதாகும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து இதற்கு நல்ல வழிகாட்டி. அதிலுள்ள பத்துக் குறள்களுள் ஆறு, பசித்தபின் உண்ணல், செரித்தமை அறிந்து உண்ணல், அளவறிந்து உண்ணல் ஆகியவற்றையே கூறுகின்றன. ஆனால் வள்ளுவர் அதனோடு நின்றுவிடவில்லை. இறுதி மூன்று குறள்களையும் மருத்துவனுக்கும் மருத்துவ முறைக்குமே ஒதுக்கினார். அளவான உணவும் அறிவுடைய வைத்தியமும் ஓர் அதிகாரத்திலேயே அடங்கும் என்பது அவர் காட்டிய நெறி. ஆதலால் பயிற்சியினால் உடல்நிலை திருந்துமாயின், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுக. மருந்தைக் குறைப்பதா என்பதை அவர் சோதித்துச் சொல்லட்டும். இரத்த அழுத்தம், கண்ணீர் அழுத்த நோய் முதலியன உடையோர் தலைகீழ் ஆசனங்களை முயலலாகாது. கருவுற்றோர் தகுந்த ஆசிரியரின்றிப் புதிய பயிற்சி எதனையும் தொடங்கலாகாது.

பயிற்சியைத் தொடங்க விரும்புவோர்க்குப் பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை. விடியலில் ஒரு பாயும், பத்து நிமிடமும் போதும். முதல் ஐந்து நிமிடம், ஆசிரியர் ஒருவரிடம் கற்ற இரண்டு மூன்று எளிய ஆசனங்கள். அடுத்த ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்து அமர்ந்திருத்தல். நாளுக்கு ஒரு வேளை உணவையாவது, கைத்தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டு, வாயிலிடும் கவளத்தை அறிந்து, மென்று உண்ணுதல். இவ்வளவே. வீட்டில் விடியற்காலை வேலை முழுவதையும் சுமப்பவர் தாயாராயின், அவருக்கும் அப்பத்து நிமிடம் கிடைக்கும்படி மற்றவர் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய தியானத்திற்காக மற்றொருவர் இரு மடங்கு உழைப்பது இயமத்திற்கே முரணானது. பயிற்சி ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடரலாம். தவறியதற்காக வருந்திக்கொண்டிருத்தல் வேண்டாம்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். உடம்பை வளைத்தவர் அதனாலேயே நல்லவராகிவிடுவதில்லை. பயிற்சி மனிதனுக்கு ஒரு சிறு இடைவேளையைத் தருகின்றது; அவ்விடைவேளையிற் சுடுசொல்லைத் தடுப்பதும், மற்றவர் களைப்பைக் காண்பதும் அவரவர் செய்ய வேண்டியன. ஆறு மாதம் பயின்ற ஒருவர் தமது வளர்ச்சியை அறிய விரும்பினால், நிறைகோலிலோ கண்ணாடியிலோ அதனைத் தேட வேண்டாம். தம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வோரை, “இப்பொழுது என்னோடு இருப்பது முன்னையிலும் எளிதாக இருக்கின்றதா?” என்று கேட்டு, அவர்கள் சொல்லும் விடையைக் குறுக்கிடாமற் கேட்பாராக.